வெறும் பாத்திரமாகக் கொடுப்பதில்லை

வருகிற சனிக்கிழமை பன்றி அறுப்பு டாக்டர் வீட்டுக் கொல்லையில்தான் என்று ஆல்சீட் வந்து சொன்னபோது, ஹம்சா அவரிடம் 'வெரி நைஸ்' என்றாள். கதவைச் சாத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. பாளையங்கோட்டைச் சைவப்பிள்ளை வீட்டில் பிறந்தவள், முட்டை போட்ட கேக் என்றால் மோந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறவள், பன்றி அறுக்க இடமும் கொடுத்து அதற்கு வெரி நைஸும் சொல்லியிருக்கிறாள்.

ஆல்சீட்டைக் குறை சொல்ல முடியாது. எழுபது வயது மனிதர், சிங்கி இறால் மாதிரியான கிராஃபிஷ் வளர்க்கிற தன் பண்ணையிலிருந்து நேரே வந்திருந்தார், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், அதில் சேறு. வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரித்தான் சொன்னார். வெளியூரிலிருந்து வந்த ஒரு வீட்டுக்கு முறை கிடைப்பது அந்த ஊரில் இதுதான் முதல் தடவையாம். டாக்டரும் சரி சொல்லிவிட்டாராம்.

ஊர் பெல் கூலே. டெக்சஸின் கிழக்கு ஓரம், ஃப்ரீவேயிலிருந்து இறங்கி, லூசியானா இருக்கிற திசையில் வயல்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருந்தால் வரும். கோடையில் நெல், குளிர்காலத்தில் அதே வயலில் தண்ணீரைக் கட்டி கிராஃபிஷ். ஒரு சர்ச், ஒரு கேஸ் ஸ்டேஷன், ஒரு தீவனக் கடை, ஒரு க்ளினிக். தீவனக் கடைக் கண்ணாடியில் 'இங்கே பிரெஞ்சு பேசப்படும்' என்று பிரெஞ்சில் எழுதி ஒட்டியிருக்கும். லூசியானாவிலிருந்து வந்து குடியேறிய பிரெஞ்சு வம்சம், கிழவர்கள் தங்களுக்குள் பிரெஞ்சில்தான் பேசுவார்கள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாஷை பேசியதற்காக முழங்கால் போட வைத்தார்களாம், அதனால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் இப்போது ஐம்பது வயது. அப்பா பிரெஞ்சில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வார்கள். ஹம்சாவின் எட்டு வயது மகள் மாளவிகா வீட்டில் செய்வதும் அதுதான், பாஷை மட்டும்தான் வேறு.

ஹம்சாவின் புருஷன் அகிலன் அந்த க்ளினிக்கின் ஒரே டாக்டர். நியூ ஜெர்சியில் படிப்பை முடித்தவனுக்கு, டாக்டர் கிடைக்காத ஊரில் மூன்று வருஷம் வேலை பார்த்தால்தான் அமெரிக்காவில் தங்கலாம் என்று விசா. பாதியில் விட்டால் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டியதுதான். வருகிற ஜூனில் மூன்று வருஷமும் முடிகிறது. ஹம்சாவின் விசாவில் வேலை பார்க்க முடியாது, படிக்கலாம். பாளையங்கோட்டையில் காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவள். டல்லாஸ் பக்கம் ஒரு யுனிவர்சிட்டியில் ஆகஸ்டில் சேர அட்மிஷன் வாங்கி வைத்திருந்தாள். டல்லாஸை ஒட்டிய இர்விங்கில் அக்கா யாமினி இருக்கிறாள், அவள் அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸிலேயே வீடும் பேசியாயிற்று. இந்த ஊரில் அவள் மூச்சு விட்டதெல்லாம் ஜூனை நினைத்துத்தான்.

இனி ஒரு ஃப்ரீசரின் கதைக்கு வருகிறேன்.

வந்த புதிதில் அகிலன் ஊரில் ஒரே ஒரு விஷயம் சொன்னான்: நாங்கள் மாடு சாப்பிட மாட்டோம். மீதியை ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாமே என்ற சோம்பல். ஊரும் அதை மனதில் வைத்துக்கொண்டது. டாக்டர் வீட்டுக்கு மாடு ஆகாது என்று பார்த்துப் பார்த்துப் பன்றியாகக் கொடுத்தார்கள்.

குளிர் தொடங்கினால் அங்கே பன்றி அறுப்பு. வீட்டுக்கு வீடு முறை. இந்த சனிக்கிழமை ஒரு வீட்டுக் கொல்லை, சில வாரம் கழித்து அடுத்த வீடு. விடியும் முன்னே அறுத்து, வெந்நீர் ஊற்றி மயிர் சுரண்டி, ஆண்கள் இரும்புக் கொப்பரையில் தோலையும் கொழுப்பையும் பொரிப்பார்கள், பெண்கள் ஈரலையும் கறியையும் சோற்றோடு பிசைந்து குடலில் அடைத்து பூடேன் செய்வார்கள். சாயங்காலத்துக்குள் முறையில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் பங்கு போய்விடும். முதல் குளிர்காலம் பக்கத்து வீட்டு ஓடீலின் புருஷன் க்ளோவிஸ் ஒரு எவர்சில்வர் போகணி நிறைய, வெள்ளைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிய பூடேன் கொண்டுவந்தார்.

"உள்ள என்ன இருக்கு?" என்று ஹம்சா கேட்டாள்.

"முக்கால்வாசி சோறுதான்" என்றார் க்ளோவிஸ். மீதிக் கால்வாசி என்ன என்று அவர் சொல்லவில்லை, அது மூக்குக்கே தெரிந்தது.

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. வயதானவர், புருஷனுடைய பேஷன்ட், வாசலில் குளிரில் நிற்கிறார். வாங்கிக்கொண்டாள். சாப்பாட்டைக் குப்பையில் கொட்டுவது பாவம், அதுவும் முடியாது. கராஜில் வீட்டுக்காரர் விட்டுப்போன பெரிய ஃப்ரீசர் ஒன்று சும்மா கிடந்தது, அதில் போட்டு மூடினாள். பாத்திரத்தைக் கழுவியாயிற்று. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் ஏது? முறுக்குச் சுற்றி நிறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

முறுக்கைத் தின்ற க்ளோவிஸ், அந்தப் பெண்ணுக்கு நம் பூடேன் அவ்வளவு பிடித்துவிட்டதா என்று அடுத்த தடவை இரண்டு பங்கு கொடுத்தார். இவள் அதிரசம் கொடுத்தாள். தொடைக்கறி வந்தது. ரவா லாடு போனது. இப்படி இரண்டு குளிர்காலம். ஊரார் கண்ணுக்கு டாக்டர் வீடு முறையில் சேர்ந்துவிட்டது, கொடுக்கல் வாங்கலில் குறையே வைக்காத வீடு என்று பெயரும் எடுத்துவிட்டது. ஃப்ரீசரில் மூடி சரியாகப் படியாத அளவுக்கு வெள்ளைக் காகிதப் பொட்டலங்கள்.

அன்று சாயங்காலம் அகிலன் வந்து கை கால் கழுவி உட்கார்ந்ததும், தோசைக்கல்லைப் போட்டபடியே ஹம்சா ஆரம்பித்தாள்.

"ஆல்சீட் வந்திருந்தாவ."

"க்ளினிக்குக்கும் வந்தாரு. நீ சரின்னுட்டன்னாரு, நானும் சரின்னேன்."

"எங்கிட்ட டாக்டர் சரின்னுட்டாருன்னுல்லா சொன்னாவ."

அகிலன் சிரித்தான். "கிழவன் பலே ஆளு. ரெண்டு பேரையும் ஒரே கயித்துல கட்டிட்டாரு பாரு."

"சிரிக்காதீய அத்தான். கொல்லையில வச்சு பன்னி அறுக்கப் போறாவ. மாளவிகா ரூம் ஜன்னலத் தொறந்தா அதான் தெரியும். நான் எங்க போய் நிக்க?"

"ஒரு நாள் தானட்டி. நீ காலையில மாளவிகாவ கூட்டிட்டு ஹூஸ்டன் கோயிலுக்கு டிரைவ் பண்ணிப் போயிரு. சாயங்காலம் வா. எல்லாம் கழுவி விட்டுட்டுப் போயிருப்பாவ."

"வீட்டுக்காரி இல்லாம எப்படி நடக்கும்? ஓடீல் வந்து எங்கூட நின்னு குடல் அலசணும்னு சொல்லிட்டுப் போயிருக்கா. க்ளோவிஸ் போன பெறவு அவ வாற மொத அறுப்பு இதுதானாம்."

க்ளோவிஸ் போன கோடையில் இறந்துபோனார். வயலில் தண்ணீர் மடையைத் திறக்கப் போனவர் திரும்பவில்லை. அகிலன்தான் ஓடிப் போய்ப் பார்த்தான், அதற்குள் உயிர் போய்விட்டிருந்தது.

அகிலன் தோசையைப் பிய்க்காமல் சட்னியை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு நக்கினான். அப்படிச் செய்தால் பெரிதாக ஏதோ வருகிறது என்று அவளுக்குத் தெரியும்.

"ஹம்சா, இன்னொண்ணு சொல்லணும். கோவப்படாம கேளு. க்ளினிக் போர்டுல என்னய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லுதாவ. இந்த மாதிரி ஊர்ல மொத்தம் அஞ்சு வருஷம் பாத்துட்டா கிரீன் கார்டுக்கு நாமளே அப்ளை பண்ணிக்கலாம். வேற எவன் ஸ்பான்சரும் வேண்டாம். இர்விங் போனா மொதல்லேருந்து வரிசையில நிக்கணும்."

"நீங்க என்ன சொன்னீய?"

"யோசிச்சுச் சொல்லுதேன்னேன்."

"வேண்டாம்னு சொல்லல."

"அத்தன பேரு உக்காந்திருக்காவ, ஆல்சீட்டும் போர்டுலதான இருக்காரு. நீ போயிட்டா க்ளினிக்க மூடிருவாங்க டாக்டர்னு ஆல்சீட் எல்லாருக்கும் முன்னால வச்சுச் சொல்லுதாரு. மூஞ்சிக்கு நேரா எப்படி வேண்டாம்னு சொல்ல?"

தோசை கருகியது. அவள் அதை எடுத்துத் தட்டில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மூணு வருஷம்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தீய. ஜூன், ஜூன்னு சொல்லித்தான் நான் இங்கன ஒவ்வொரு நாளும் முழிக்கேன். பேச ஆளு கெடையாது. கருவேப்பில வாங்கணும்னா ரெண்டு மணி நேரம் ஃப்ரீவேல போகணும். எனக்கு அட்மிஷன் கெடச்சிருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு எவன் குடுப்பான்?"

"திரும்ப அப்ளை பண்ணலாம்லா."

"எனக்கு இங்க மூச்சு முட்டுது அத்தான்." அழவில்லை, வெளியே மழை பெய்கிறது என்கிற மாதிரிச் சொன்னாள்.

அகிலன் கெட்டவன் இல்லை. தட்டைத் தள்ளி வைத்தான். "சரி. திங்கக்கிழம மீட்டிங். ஞாயித்துக்கிழம நீ ஒரு பதில் சொல்லு. நீ வேண்டாம்னா வேண்டாம். உன் வார்த்ததான். சத்தியமா."

மறுநாள் காலை மாளவிகாவை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அக்காவுக்கு ஃபோன் போட்டாள். யாமினி டிரைவ் பண்ணிக்கொண்டே பேசினாள், இடையிடையே ஹாரன் சத்தம். ஹம்சாவுக்கு அந்த டிராஃபிக் சத்தம்கூடக் கேட்க ஆசையாக இருந்தது.

"வேண்டாம்னு சொல்லு. இதுல என்ன இருக்கு? உன் வார்த்ததான்னு அவரே சொல்லிட்டாரே" என்றாள் யாமினி.

"சொல்லிருவேன். ஆனா காலத்துக்கும் என்னால கிரீன் கார்டு போச்சுன்னு அவருக்கு ஒரு எண்ணம் இருக்கும்லா. ஊரே வேண்டாம்னுட்டா நல்லாருக்கும்."

"ஊரு எதுக்குட்டி வேண்டாம்னு சொல்லும்? தங்கமான டாக்டர்."

"ஃப்ரீசரத் தொறந்து காட்டிருவேன்."

யாமினி ஹாரனை ஓங்கி அடித்தாள். "இன்னும் அத வச்சிருக்கியா? கிறுக்கி. எப்பவோ தூக்கிப் போட்ருக்கணும்."

"சாப்பாட்ட எப்படிக்கா தூக்கிப் போட?"

அவள் கணக்கு இதுதான். இரண்டு குளிர்காலமாக வாங்கிய எதையும் தின்னவில்லை, அத்தனையும் பொய் என்று ஓடீலிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரியும். அந்த ஊரில் பங்கை வாங்கித் தின்னாமல் வைப்பது, பந்தியில் இலை போட்டபின் எழுந்து போவதற்குச் சமம். முகம் சுழிப்பார்கள். அறுப்பை வேறு வீட்டுக்கு மாற்றுவார்கள். அப்புறம் அகிலனுக்கே இங்கே இருக்கக் கூசும். அவன் வாயாலேயே போகலாம் என்பான். அவள் வாயால் வேண்டாம் என்ற வார்த்தை வரவே தேவையில்லை. வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்கள் இப்படித்தான் சுற்றி வளைத்து யோசிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை வாடைக்காற்று அடித்தது. நீர் கட்டிய வயலெல்லாம் தகரம் மாதிரி விறைத்துக் கிடந்தது. ஆல்சீட் காலையிலேயே கொப்பரையையும் விறகையும் கொண்டுவந்து கொல்லையில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். மத்தியானம் ஓடீல் உப்பு மூட்டையோடும் பெரிய தட்டுகளோடும் வந்தாள். குட்டையான, உறுதியான பெண்பிள்ளை. க்ளோவிஸின் பழைய கோட்டைத்தான் போட்டிருந்தாள், கை நீளத்தை மடித்துவிட்டு. அவள் பேசுவது பாதி இங்கிலீஷ், பாதி பிரெஞ்சு. பிரியமானவர்களை 'ஷா' என்று கூப்பிடுவாள், நாம் கண்ணு என்கிற மாதிரி. அவள் பேச்சை நம் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன்.

"ஷா, குடல் அலச உப்பு இவ்வளவு போதுமா பாரு. க்ளோவிஸ் இருந்தா அவரே அளந்து வச்சிருப்பார். எனக்குக் கணக்குத் தெரியாது."

"ஓடீல், கராஜுக்கு வாங்க. ஒண்ணு காட்டணும்."

ஓடீல் பின்னாலேயே வந்தாள். ஹம்சா ஃப்ரீசரின் மூடியைத் தூக்கினாள். குளிர்ப்புகை எழும்பி அடங்கியதும் பொட்டலங்கள் தெரிந்தன, வாய் வரைக்கும்.

"இது எல்லாம் நீங்க கொடுத்தது. நீங்க, ஆல்சீட், எல்லாரும். நாங்க ஒண்ணுகூடச் சாப்பிடல. நாங்க எந்தக் கறியும் சாப்பிட மாட்டோம். பொறந்ததுலேருந்து."

ஓடீல் ஃப்ரீசரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "ரொம்ப நல்லாயிருந்துதுன்னு சொன்னியே."

"பொய் சொன்னேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

ஓடீலின் முகம் சிவந்தது. "க்ளோவிஸ் உன் வாசல்ல நின்னு காரம் சரியா இருந்துதான்னு கேட்டார். நானும் பக்கத்துல நின்னேன். நீ பெர்ஃபெக்ட்னு சொன்னே. வீட்டுக்கு வந்து அதையே சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். இந்தியாவுலேருந்து வந்த பொண்ணு, காரம் தெரிஞ்சவ, அவளே சொல்லிட்டான்னு ஊர் பூராச் சொன்னார்."

ஹம்சா எதிர்பார்த்தது நடந்துகொண்டிருந்தது. கோபம் வந்துவிட்டது. இனி அது ஊருக்குப் போகும், ஊரிலிருந்து அகிலனுக்குப் போகும். ஆனால் அவளுக்கு நிம்மதி வரவில்லை, வெட்கமாக இருந்தது. அந்தக் கிழவரை ஏமாற்றியிருக்கிறோம், இனி அவரிடம் போய்ச் சொல்லவும் முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

"மன்னிச்சிருங்க" என்றாள்.

ஓடீல் ஃப்ரீசர் பக்கம் திரும்பினாள். குனிந்து மேலே இருந்த பொட்டலத்தை எடுத்தாள். ஆல்சீட் வீட்டுத் தொடைக்கறி. அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதற்குக் கீழே கைவிட்டுத் துழாவினாள். திடீரென்று துழாவுவது வேகமாயிற்று. மேலே கிடந்ததையெல்லாம் சிமென்ட் தரையில் எடுத்துப் போட்டாள். அடியிலிருந்து ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி, காகிதத்தில் படிந்திருந்த பனியைக் கோட்டுக் கையால் துடைத்தாள்.

பென்சிலால் பூடேன் என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. கீழே ஒரு வளைவு வளைத்து ஒரு கோடு. சாக்குமூட்டை, மரப்பெட்டி எல்லாவற்றிலும் க்ளோவிஸ் தன் அடையாளமாகப் போடுகிற கோடு.

"இது அவர் பண்ணினது" என்றாள் ஓடீல்.

"ஆமா. போன வருஷம் கொடுத்தார்."

"எங்க வீட்டுல ஒண்ணு இல்ல. துக்கத்துக்கு வந்தவங்களுக்குப் போட்டே எல்லாம் முடிஞ்சுது. கடைசிப் பொட்டலத்தையும் நானே பிரிச்சுப் பரிமாறினேன். அப்போ தோணல. ஒரு மாசம் கழிச்சுத் தோணிச்சு. வீடு வீடாப் போய்க் கேட்டேன் ஷா. எல்லாரும் தின்னுட்டாங்க. உன் வீட்டுல மட்டும் கேக்கல. ருசிச்சுச் சாப்பிடுற வீடு, மிச்சம் இருக்கவா போகுதுன்னு நினைச்சேன்."

பெயின்ட் வாளி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. ஓடீல் அதன்மேல் உட்கார்ந்து பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கோட்டு நனைந்தது. அவள் அழுதது சத்தமாகத்தான், ஒளிக்கவில்லை. ஹம்சா தரையில் உட்கார்ந்து ஃப்ரீசருக்குள் தேடினாள். தேடத் தேட வந்தது. பென்சில் கோடு போட்டவை மட்டும் ஐந்து. ஒவ்வொன்றாக எடுத்து ஓடீலிடம் கொடுத்தாள். அழுகிறவளிடம் அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்ததில், எதற்காக அவளைக் கூட்டிவந்தோம் என்பதே ஹம்சாவுக்கு மறந்துபோயிற்று.

சனிக்கிழமை டாக்டர் வீட்டுக் கொல்லையில் பன்றி அறுக்கவில்லை. ஓடீல் ஆல்சீட்டுக்கு ஃபோன் போட்டு பிரெஞ்சில் ஒரு பிடி பிடித்தாளாம். அறுப்பு ஆல்சீட் வீட்டுக்கு மாறியது. ஆனால் முறை முறைதான், சாப்பாடு டாக்டர் வீட்டில்தான் என்று மத்தியானம் ஊரே நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. கறி வாசனை வீட்டுப் பக்கம் அடிக்காமல் இருக்க ஆல்சீட் காற்றுப் பார்த்து மேசையை வேலி ஓரம் போட்டார். ஹம்சா பெரிய அண்டாவில் புளியோதரை கிளறினாள். ஓர் ஆள் அதைத் தின்றுவிட்டு, ஈரல் மட்டும் போட்டால் இது பூடேன்தான் என்றார். அவர் பாராட்டுகிறார் என்பது அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று.

யாரும் முகம் சுழிக்கவில்லை. கறி தின்னாதவள் இரண்டு வருஷமாகக் கறியைப் பத்திரமாக வைத்திருந்தாள் என்பது ஒரு கதையாகி, மேசைக்கு மேசை போய், அவளிடமே திரும்பி வந்தது. வந்தபோது அதில் பொய்யைக் காணோம், அவள் பெருந்தன்மை மட்டும்தான் இருந்தது. முன்பின் தெரியாத பெண்கள்கூட வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

ஓடீல் ஐந்தில் ஒரு பொட்டலத்தை வேகவைத்துக் கொண்டுவந்தாள். ஒரு வருஷத்துக்கு மேலானதைத் தின்னக்கூடாது என்று சொல்லவேண்டிய ஒரே ஆள் அகிலன். அவன் ஆகாயத்தைப் பார்த்தான். வயசானவர்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு, நகத்தளவு. ஆல்சீட் வாயில் போட்டுக்கொண்டு வயல் பக்கம் திரும்பி நின்று மென்றார். பிறகு பிரெஞ்சில் ஏதோ சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

"என்னட்டி சொல்லுதாவ?" என்று ஹம்சா மகளிடம் கேட்டாள். மாளவிகாவுக்கு ஓடீல் வீட்டிலேயே கிடந்து பிரெஞ்சு வந்துவிட்டது.

"ஹி ஆல்வேஸ் புட் டூ மச் பெப்பர்" என்றாள் மாளவிகா.

அப்புறம் ஓடீல் மீதிப் பொட்டலங்களைத் தட்டில் வைத்து எல்லாருக்கும் முன்னால் ஹம்சாவிடம் நீட்டினாள்.

"இது நாலும் உன் வீட்டுலயே இருக்கட்டும் ஷா. என் வீட்டுல வச்சா பிள்ளைங்க வந்து தின்னுரும். நானே ஒரு நாள் மனசு கேக்காம தின்னுருவேன். இந்த ஊர்ல கறி தின்னாத வீடு உன் வீடு ஒண்ணுதான். உங்கிட்டதான் பத்திரம்."

கூட்டம் சிரித்தது.

"எவ்வளவு நாளைக்கு?" என்றாள் ஹம்சா.

"இனி தின்னுறதுக்கு இல்ல. வருஷா வருஷம் அறுப்பு அன்னிக்கு வந்து பாப்பேன். இருக்குன்னு தெரிஞ்சா எனக்குப் போதும்."

நாங்கள் ஜூனில் போகிறோம் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது. வாயையும் திறந்தாள். ஓடீல் தட்டை நீட்டியபடி நின்றாள், கைகள் காற்றில் சிவந்திருந்தன. ஆல்சீட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஹம்சா தட்டை வாங்கிக்கொண்டாள். "ஷ்யூர்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அகிலன் கராஜைக் கழுவினான். மற்ற பொட்டலங்களையெல்லாம் ஆல்சீட் கொண்டுபோய்விட்டார். ஃப்ரீசரில் நாலே நாலு. அதற்காக அத்தனை பெரிய ஃப்ரீசர் இரைந்துகொண்டிருந்தது. ஹம்சா காபியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"நேத்து நீ தட்ட வாங்கினப்போ ஆல்சீட் எங்கிட்ட வந்து கையக் குடுத்தாரு" என்றான் அகிலன். "நம்ம முடிவு தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சுக்கிட்டாரு போல."

"நீங்க என்ன சொன்னீய?"

"ஒண்ணும் சொல்லல."

"நீங்க எப்பவும் ஒண்ணும் சொல்ல மாட்டீய."

அவன் காபியைக் குடிக்காமல் வைத்தான். "ஹம்சா, நான் சத்தியம் பண்ணினது அப்படியேதான் இருக்கு. நீ இப்ப வேண்டாம்னு சொல்லு. நாளைக்கு மீட்டிங்ல நான் சொல்லிருதேன். இந்த நாலையும் ஓடீல் வீட்டுலயே கொண்டுபோய் வச்சிரலாம்."

அவள் வேலிப் பக்கம் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஓடீல் க்ளோவிஸின் கோட்டைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். இங்கே பார்த்துக் கையை ஆட்டினாள். மாளவிகா சைக்கிளை எடுத்துக்கொண்டு பிரெஞ்சில் கத்தியபடி அங்கே ஓடினாள்.

"அவ எப்படி சந்தோஷமா கைய ஆட்டுதா பாத்தீயளா?" என்றாள் ஹம்சா. "நான் நேத்து எல்லாருக்கும் முன்னால சரின்னுட்டேன். இனி போய் எப்படி இல்லன்னு சொல்ல? நாளைக்கு மீட்டிங்ல ரெண்டு வருஷம் இருக்கோம்னு சொல்லிருங்க."

"நெசமாவா?"

"யாமினிக்கு நானே ஃபோன் பண்ணிச் சொல்லிருதேன். அட்மிஷனுக்கும் நானே எழுதிருதேன். நீங்க தொடாண்டாம்."

அகிலன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் முகத்தில் வந்த நிம்மதியை அவளால் பார்க்க முடியவில்லை. "உனக்கும் இந்த ஊரு கொஞ்சம் பிடிச்சுப்போச்சுல்லா? நேத்து எத்தன பேரு உன்னயக் கட்டிப்பிடிச்சாவ. ஓடீல் உன்னய மக மாதிரி—"

"அத்தான்." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "நான் இருக்கேன். ரெண்டு வருஷமும் இருக்கேன். யாரு பாத்திரம் வந்தாலும் நெறச்சே அனுப்புதேன். ஆனா எனக்குப் பிடிச்சிருக்குன்னு மட்டும் யார்ட்டயும் சொல்லாதீய. வந்த நாள்லேருந்து ரொம்ப நல்லாயிருக்கு, ரொம்ப நல்லாயிருக்குன்னு சொல்லித்தான் இங்க வந்து நிக்கேன். இனி அந்தப் பொய்ய என்னால சொல்ல முடியாது. நீங்களும் எனக்காகச் சொல்லக் கூடாது."

அகிலன் தலையை ஆட்டினான். அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். யாமினி முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை இர்விங் வீட்டைக் காட்ட மேனேஜரை வரச் சொல்லியிருக்கிறேன், எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று அவள்தான் முதலில் கேட்டாள்.